சீட்டுக்குப் பிணை உண்டு, புள்ளிக்கு?

எல்லையோரத்தில் குடியிருப்பவர்களுக்கு எந்தச் சாமானுக்கும் இரண்டு விலை தெரியும். வேலந்தாவளம், கோவிந்தாபுரம் பக்கம் வண்டி வைத்திருப்பவர்கள் பெட்ரோல் போடத் தமிழ்நாட்டுக்குள் ஒரு நடை போய்விட்டு வருவார்கள். குமுளிக்காரர்கள் கல்யாண ஜவுளி எடுக்கக் கம்பத்துக்கும் தேனிக்கும் இறங்குவார்கள். விமானம் ஏறுவதும் அப்படித்தான். பாலக்காட்டுப் பக்கம் சித்தூர், கொழிஞ்சாம்பாறைக்காரர்களுக்குக் கோவையின் பீளமேடும் உண்டு, கொச்சியின் நெடும்பாசேரியும் உண்டு. குமுளியில் இருப்பவர்களுக்கு ஒரு பக்கம் மதுரை, மறுபக்கம் நெடும்பாசேரி. கட்டணம் எங்கே குறைவோ, பெட்டி எடை எங்கே கூடுதலோ, அங்கே போவோம். இப்படி இரு பக்கமும் விலை கேட்டே பழகிய மக்களை ஒரே நிறுவனத்தோடு ஒட்டவைப்பது லேசான காரியமில்லை. அதற்காக, பறப்பதற்கும் செலவழிப்பதற்கும் கணக்கில் வரவு வைக்க வந்தவைதான் மைல்களும் புள்ளிகளும் நாணயங்களும்.

பாலக்காட்டில் ஒரு தணிக்கையாளர் அலுவலகத்தில் கணக்கு எழுதுவது என் பிழைப்பு. மனைவி வீடு குமுளி. உடுமலை, தேனி வழியாக இரு ஊருக்கும் போய்வந்துகொண்டே இருக்கிறோம். வரவுசெலவு எழுதுகிறவனுக்கு யார் யாருக்கு எவ்வளவு கடன் என்பதுதான் முதலில் கண்ணில் படும். இந்தப் புள்ளித் திட்டங்களையும் நான் அந்தக் கண்ணோடுதான் பார்க்கிறேன். பார்க்கப் பார்க்க, இதில் ஒரு பெரிய கடன் கடன் என்று ஒத்துக்கொள்ளப்படாமல் கிடக்கிறது என்றே எனக்குப் படுகிறது.

இதனால் நன்மை இல்லை என்று சொல்ல வரவில்லை. என் அண்ணன் மகள் பெங்களூரில் வேலை பார்க்கிறாள். மாதத்தில் பாதி நாள் வெளியூர். சேர்த்துவைத்த மைல்களை வைத்து அப்பா அம்மாவை அந்தமானுக்கு அழைத்துப்போய்வந்தாள். அண்ணி அதுவரை விமானத்தை அண்ணாந்து பார்த்தவர்தான். பயணம் போன அலுப்புக்கு ஏதோ ஒன்று கைக்குத் திரும்பிவந்ததில் அந்தப் பெண்ணுக்கு இருந்த சந்தோஷம் உண்மையானது. திட்டம் சொன்னபடி நடந்தால் இருவருக்கும் லாபம். சொன்னபடி நடக்காதபோது யார் கேட்பது என்பதுதான் கேள்வி.

1978இல் அமெரிக்க அரசு விமானக் கட்டணக் கட்டுப்பாட்டைக் கைவிட்டது. போட்டி முற்றியது. 1981 மே மாதம் அமெரிக்கன் ஏர்லைன்ஸ் 'ஏஅட்வான்டேஜ்' என்ற திட்டத்தைத் தொடங்கியது. இன்றைய மைல் திட்டங்களுக்கெல்லாம் அதுதான் முன்மாதிரி. காலியாகப் பறக்கும் இருக்கையை அடிக்கடி வருகிறவருக்குக் கொடுப்போம் என்பதே அன்றைய எண்ணம். காலியிடத்துக்குச் செலவு அதிகமில்லை, வாடிக்கையாளர் மகிழ்வார். அந்த எண்ணத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை. பிறகு வங்கிகள் உள்ளே வந்தன. கிரெடிட் கார்டு தேய்ப்பவருக்குக் கொடுக்க, விமான நிறுவனத்திடம் வங்கிகள் மைலைக் காசு கொடுத்து வாங்குகின்றன. அமெரிக்கன் எக்ஸ்பிரஸிடமிருந்து மட்டும் டெல்டா நிறுவனத்துக்கு 2024இல் வந்தது 7 பில்லியன் டாலருக்கு மேல். 2020இல் கொரோனாவால் விமானங்களெல்லாம் ஓடுதளத்தில் வரிசைகட்டி நின்றபோது யுனைடெட் நிறுவனம் தன் மைல் திட்டத்தையே ஈடாக வைத்து 6.8 பில்லியன் டாலர் கடன் திரட்டியது.

அதே நேரத்தில் உறுப்பினர் படிவத்தின் அடியில் பொடி எழுத்தில் இருப்பதைப் படித்துப் பாருங்கள். ஏறக்குறைய எல்லாத் திட்டங்களிலும் ஒரே சாரம்தான்: புள்ளிகள் உறுப்பினரின் சொத்து அல்ல, அவற்றுக்குப் பண மதிப்பு இல்லை, எந்த விதியையும் எப்போது வேண்டுமானாலும் மாற்ற நிறுவனத்துக்கு உரிமை உண்டு. கடன் கொடுக்கிறவர் ஈடாக ஏற்கும் அளவுக்கு மதிப்புள்ள திட்டம், உறுப்பினர் கைக்கு வந்ததும் மதிப்பில்லாததாகிவிடுகிறது. நம் நாட்டுக் கணக்கியல் விதி இதை ஒப்புக்கொள்வதில்லை. 2018 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த இந்தியக் கணக்கியல் தரம் 115இன்படி, டிக்கெட் விற்ற பணத்தில் புள்ளிக்கு உரிய பங்கை உடனே வருமானமாகக் காட்டக் கூடாது. வாடிக்கையாளருக்கு இன்னும் செய்யவேண்டிய சேவை என்று பொறுப்புப் பக்கத்தில் வைக்கவேண்டும். புள்ளியைப் பயன்படுத்தினாலோ அது காலாவதியானாலோதான் வருமானத்துக்குக் கொண்டுபோகலாம். அதாவது, ஆண்டறிக்கையில் பங்குதாரர்களுக்கு முன்னால் இது பொறுப்பு. நமக்குக் கொடுக்கும் படிவத்தில் இது அன்பளிப்பு. ஒரே பொருளை இரண்டு பேரிடம் இரண்டு விதமாகச் சொல்வது நாணயமான நடத்தை ஆகாது.

எங்கள் பக்கத்தில் இதற்கு ஒப்பாகச் சொல்ல ஒன்று உண்டென்றால் சீட்டுதான். பாலக்காடு, திருச்சூரில் 'குறி' என்பார்கள். பெட்டிக்கடைக்காரர் முதல் கல்லூரிப் பேராசிரியர் வரை குறி போடாதவர் எங்கள் ஊரில் குறைவு. மாசாமாசம் பணம் கட்டுகிறோம். என்றோ ஒருநாள் கிடைக்கும் என்ற வாக்கை நம்பித்தான் கட்டுகிறோம். அந்த வாக்கை நம்பிப் பணம் போட்டு ஏமாந்தவர்கள் கதை ஊருக்கு ஊர் உண்டு. ஆகவேதான் 1982இன் சீட்டு நிதிச் சட்டம் அவ்வளவு கண்டிப்பாக எழுதப்பட்டிருக்கிறது. சீட்டு நடத்துகிறவர் முதல் ஏலத்துக்கு முன்பே முழுச் சீட்டுத் தொகைக்குப் பிணை வைத்தாகவேண்டும். ஏலம் நடந்தால் நடவடிக்கைக் குறிப்பு எழுதிக் கையெழுத்து வாங்கவேண்டும். அவர் எடுக்கும் கமிஷனுக்கு உச்சவரம்பு உண்டு. 2019 திருத்தத்துக்குப் பிறகு அது நூற்றுக்கு ஏழு. எனக்கு மிகவும் பிடித்த பிரிவு வேறொன்று: ஒருமுறை எழுதிய சீட்டு ஒப்பந்தத்தை மாற்றவேண்டுமானால் நடத்துகிறவரும் சந்தாதாரர்கள் அத்தனை பேரும் எழுத்தில் சம்மதிக்கவேண்டும். ஒருவர் மறுத்தாலும் மாற்ற முடியாது. கேரள அரசே 1969இல் கே.எஸ்.எஃப்.இ. என்று ஒரு நிறுவனம் தொடங்கிச் சீட்டு நடத்துகிறது. அதற்கும் ஏட்டில் எழுதியதுதான் சட்டம்.

மாசம் ஆயிரம் ரூபாய் குறிக்கு இவ்வளவு காவல். லட்சக்கணக்கானவர்களுக்குக் கணக்குத் திறந்து, அடுத்த வருஷம் தருவோம், அதற்கடுத்த வருஷம் தருவோம் என்று சொல்லி வியாபாரம் பிடிக்கும் திட்டத்துக்குப் பிணையும் இல்லை, சம்மதமும் இல்லை.

பிணை இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதைக் கோவை விமான நிலையத்துக்குப் போய்வந்தவர்கள் கண்ணாலேயே பார்த்தோம். கிங்ஃபிஷர் பறந்துகொண்டிருந்த நாட்களில் பளபளப்பான 'கிங் கிளப்' அட்டையைப் பர்ஸில் வைத்திருப்பது பெருமையாக இருந்தது. 2012 அக்டோபரில் அந்த விமானங்கள் நின்றன. அட்டையில் இருந்த மைல்கள் அட்டையோடு போயின. ஜெட் ஏர்வேஸ் கதை இன்னும் யோசிக்கவைப்பது. அதன் மைல் திட்டமான 'ஜெட்பிரிவிலேஜ்' தனி நிறுவனமாகப் பிரிக்கப்பட்டிருந்தது. 2014இல் அபுதாபியின் எதிஹாட் 150 மில்லியன் டாலர் கொடுத்து அதில் 50.1 சதவீதப் பங்கை வாங்கியது. 2019 ஏப்ரல் 17ஆம் தேதி இரவு ஜெட்டின் கடைசி விமானம் அமிர்தசரஸிலிருந்து மும்பைக்குப் புறப்பட்டது. விமானம் நின்ற பிறகும் மைல் நிறுவனம் நிற்கவில்லை. அந்த ஆண்டு நவம்பரில் 'இன்டர்மைல்ஸ்' என்று பெயர் மாற்றிக்கொண்டு, வேறு நிறுவன டிக்கெட்டும் ஹோட்டல் அறையும் கடைச் சாமானும் கொடுத்துத் தொடர்ந்தது. உறுப்பினர்களுக்கு அது ஆறுதல்தான். ஆனால் அந்த விமானங்களை ஓட்டியவர்களும், பெட்டி ஏற்றியவர்களும், கவுன்டரில் நின்றவர்களும் சம்பள பாக்கிக்கும் பணிக்கொடைக்கும் ஆண்டுக்கணக்கில் தீர்ப்பாயம் ஏறி இறங்கினார்கள். 2024 நவம்பர் 7ஆம் தேதி உச்ச நீதிமன்றம் நிறுவனத்தைக் கலைக்க உத்தரவிட்டது.

அதை வைத்து மைல்காரர்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை. தனி நிறுவனமாகப் பிரித்து, பணம் போட ஆளும் இருந்ததால் மைல் பிழைத்தது. சட்டம் கட்டளையிட்டதால் அல்ல. ஜெர்மனியின் ஏர் பெர்லின் 2017 ஆகஸ்டில் நொடித்தபோது அதன் 'டாப்போனஸ்' திட்டமும் அதே மாதம் நொடித்தது. அந்தத் திட்டத்திலும் பெரும்பங்கு எதிஹாட்டுக்குத்தான். ஓரிடத்தில் மைல் பிழைத்தது, இன்னோரிடத்தில் போனது. உறுப்பினர் இரண்டு இடத்திலும் ஒரே மாதிரிதான் நம்பியிருந்தார்.

நிறுவனம் மூழ்குவது எப்போதோ நடப்பது. மூழ்காமலே மதிப்பைக் குறைப்பதுதான் ஓயாமல் நடக்கிறது. பத்தாயிரம் புள்ளிக்குக் கிடைத்த இருக்கைக்கு நாளையிலிருந்து பதினாலாயிரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் கணக்கில் எண் குறையவில்லை, வாங்கும் சக்தி குறைந்துவிட்டது. விலைப்பட்டியலே இல்லாமல், அன்றன்றைக்குத் தேவையைப் பார்த்து விலை ஏறி இறங்கும் என்று பல திட்டங்கள் மாறியும்விட்டன. பட்டியல் இல்லாதபோது குறைத்தார்களா இல்லையா என்று காட்டவே முடியாது. எனக்கு இதில் பெரிய குற்றமாகத் தெரிவது இதுதான். மறைக்காமல் விலையை ஏற்றுகிறவரோடு சண்டை போடலாம். விலை என்ன என்றே சொல்லாதவரோடு எப்படிப் போடுவது?

2024 ஏப்ரலில் ஏர் இந்தியா தன் 'ஃபிளையிங் ரிட்டர்ன்ஸ்' திட்டத்தைத் தூரத்துக்குப் பதிலாகச் செலவழித்த ரூபாய்க்குப் புள்ளி என்று மாற்றியது. அதே ஆண்டு நவம்பர் 12ஆம் தேதி விஸ்தாரா ஏர் இந்தியாவோடு சேர்ந்தது. கிளப் விஸ்தாராவின் புள்ளிகள் ஒன்றுக்கு ஒன்று என்று, ஃபிளையிங் ரிட்டர்ன்ஸின் புதிய பெயரான மகாராஜா கிளப்புக்கு வந்தன. எண்ணைக் குறைக்காமல் கொடுத்தது சரியான காரியம். எண் சமமாக இருப்பதும் மதிப்பு சமமாக இருப்பதும் ஒன்றல்ல. எந்த இணைப்பிலும் பழைய பட்டியலில் அந்தப் புள்ளிக்கு என்ன கிடைத்தது, புதியதில் என்ன கிடைக்கிறது என்று பக்கத்துப் பக்கத்தில் வைத்துச் சொல்லவேண்டும். இனி பறக்கப்போவதற்கு என்ன விதி வேண்டுமானாலும் வைக்கட்டும், ஏற்பதும் மறுப்பதும் நம் இஷ்டம். ஏற்கெனவே பறந்துமுடித்த பயணத்துக்குத் தருவதாகச் சொன்னதை மாற்றத்தான் அவர்களுக்கு உரிமை இல்லை என்கிறேன். நம் பங்கை நாம் முன்பே செலுத்திவிட்டோம்.

கேட்கப் போனால் என்ன ஆகும் என்பதற்கு அமெரிக்காவில் ஒரு வழக்கு உண்டு. ஜின்ஸ்பெர்க் என்ற யூத மதகுருவின் மைல் திட்ட உறுப்பினர் தகுதியை நார்த்வெஸ்ட் விமான நிறுவனம் 2008இல் நீக்கியது. அவர் அளவுக்கு மீறிப் புகார் செய்கிறார் என்பது நிறுவனம் சொன்ன காரணம். ஒப்பந்தம் என்றால் நல்லெண்ணத்தோடும் நேர்மையோடும் நடக்கவேண்டாமா என்று அவர் வழக்குப் போட்டார். 2014இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் ஒருமனதாக அதை நிராகரித்தது. 1978இன் தாராளமயச் சட்டம் விமானக் கட்டணம், சேவை தொடர்பான மாநிலச் சட்டக் கோரிக்கைகளுக்கு இடம் தருவதில்லை என்பதே காரணம். குறை இருந்தால் மத்தியப் போக்குவரத்துத் துறை பார்க்கட்டும் என்பது அதன் பொருள். அந்தத் துறை 2024 செப்டம்பரில்தான் அமெரிக்கன், டெல்டா, சவுத்வெஸ்ட், யுனைடெட் ஆகிய நான்குக்கும் ஓலை அனுப்பியது: புள்ளியின் மதிப்பு குறைவது, மறைமுக விலை, கூடுதல் கட்டணம் பற்றி விளக்கம் கேட்டு. திட்டங்கள் தொடங்கி நாற்பது ஆண்டு தாண்டிய பிறகு.

கனடாவின் ஒன்டாரியோ மாகாணம் முந்திக்கொண்டது. அங்கே 'ஏர் மைல்ஸ்' என்ற புள்ளித் திட்டம், ஐந்தாண்டுக்கு மேற்பட்ட புள்ளிகள் 2016 முடிவோடு காலாவதியாகும் என்று அறிவித்திருந்தது. மக்கள் கொதித்தார்கள். வெறும் காலம் கடந்ததற்காகப் புள்ளி செத்துப்போகக் கூடாது என்று சட்டம் கொண்டுவந்தார்கள். மசோதா நிறைவேறும் முன்பே நிறுவனம் பின்வாங்கிவிட்டது. அதற்குள் பயந்து, வேண்டாத சாமானெல்லாம் வாங்கிப் புள்ளியைத் தீர்த்தவர்களுக்கு அது திரும்பி வரவில்லை.

காலாவதி என்றதும் எனக்கு நினைவு வருவது நெம்மாறையில் இருக்கும் எங்கள் உறவுக்காரர். மனைவி வழியில் பெரியப்பா முறை. கால் நூற்றாண்டாக ஷார்ஜாவில் ஏசி மெக்கானிக். இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை ஊருக்கு வருவார். முதலாளி எடுத்துக்கொடுக்கும் மலிவு டிக்கெட். வந்ததெல்லாம் வளைகுடா விமானங்களில்தான். எமிரேட்ஸின் 'ஸ்கைவார்ட்ஸ்' போன்ற திட்டங்களில் மைலுக்கு ஏறத்தாழ மூன்று ஆண்டு ஆயுள். மிகக் குறைந்த கட்டண வகுப்பில் சேருவதே சொற்பம். அடுத்த தடவை சேர்ந்து உருப்படியாக ஒன்று ஆவதற்குள் முந்தியது போய்விடும். பெரியப்பா ஒரு நாளும் வெள்ளி உறுப்பினரும் ஆகவில்லை, தங்க உறுப்பினரும் ஆகவில்லை. ஆறு மாதத்தில் பத்துத் தடவை கம்பெனிச் செலவில் பறந்த ஒரு மேலாளர் ஆகிவிடுவார். விசுவாசம் என்று பெயர் வைத்துவிட்டுச் செலவை மட்டும் அளந்தால், வாழ்நாள் முழுக்க அதே வழியில் போய்வந்தவருக்கு அதில் இடமே இல்லை. கேரளத்தில் பாதி வீடுகளுக்கு அரிசி வாங்கிக்கொடுத்தது இப்படிப்பட்டவர்களின் பயணங்கள். வரிசையில் கடைசியில் நின்று, பெட்டியைக் கயிறு போட்டுக் கட்டி, எடை கூடிவிட்டால் தரையில் உட்கார்ந்து பிரித்து எடுக்கிற அந்த மனிதர்களுக்கு ஒருநாள் முன்வரிசையில் ஏற வழிவைக்கும் திட்டத்தை யாராவது போட்டால், அதை நான் விசுவாசத் திட்டம் என்று ஒத்துக்கொள்வேன்.

இதுவரை சொன்னது கொடுப்பவருக்கும் வாங்குபவருக்கும் இடையில் உள்ள கதை. கண்ணுக்குத் தெரியாமல் மூன்றாவது ஆள் ஒருவர் இருக்கிறார். அவரைக் குமுளியில்தான் பார்த்தேன்.

தேக்கடிக்குப் போகும் வழியில் சந்துக்குள் ஒரு ஹோம்ஸ்டே. மாடியில் நான்கு அறை, கீழே குடும்பம். கேரளச் சுற்றுலாத் துறையின் வெள்ளித் தரச் சான்றிதழ் வரவேற்பறைச் சுவரில் தொங்குகிறது. நடத்துகிற அக்காவுக்குப் பிறந்த ஊர் கம்பம். வருமான வரிக்குக் கணக்கு எழுதித் தரச் சொல்லி ஒரு டிசம்பரில் கூப்பிட்டார்கள். சீசன், மாடியில் ஈரத் துணி காய்ந்துகொண்டிருந்தது, அடுப்படியில் புட்டு வெந்துகொண்டிருந்தது. அக்கா நோட்டையும் போனையும் மேஜைமேல் வைத்து ஒவ்வொரு முன்பதிவாகச் சொல்ல, நான் எழுதினேன்.

ஒரு முன்பதிவை மட்டும் சொல்கிறேன். அறை வாடகை 2,500 ரூபாய். முன்பதிவுச் செயலியில் 'சிறப்பு உறுப்பினர்' ஆக இருக்கும் விருந்தினருக்கு நூற்றுக்குப் பத்து தள்ளுபடி, 250 போனது. மீதி 2,250க்குச் செயலியின் கமிஷன் நூற்றுக்கு இருபது, 450 போனது. அந்தக் கமிஷனுக்கு 18 சதவீத ஜி.எஸ்.டி., 81 ரூபாய். அக்கா கையில் வந்தது 1,719. விருந்தினருக்குத் தள்ளுபடி போக, அடுத்த பயணத்துக்கென்று செயலிக்காரர் நாணயங்களும் வரவு வைத்திருந்தார். அந்த அடுத்த பயணம் ஊட்டிக்கோ கோவாவுக்கோ, குமுளிக்கு அல்ல.

நான் கூட்டிக் காட்டியதும் அக்கா சொன்னார்கள்: "தள்ளுபடி குடுத்தது நானு தம்பி, பேரு வாங்குனது அவுங்க. வந்த பிள்ளைக என்ன சொல்லுச்சு தெரியுமா? அந்த ஆப்பு ரொம்ப நல்ல ஆப்பு ஆன்ட்டி, எங்களுக்கு எம்புட்டுக் குறைச்சுக் குடுக்குதுன்னு சொல்லுச்சு."

"அப்ப அதுலருந்து வெளியே வந்துரலாமே அக்கா?"

"வந்தா நம்ம வீடு அஞ்சாவது பக்கத்துக்குப் போயிரும். அஞ்சாவது பக்கம் வரைக்கும் யாரு தம்பி தள்ளிப் பாக்குறா?"

விதிப்படி அவர் விருப்பப்பட்டுத்தான் சேர்ந்திருக்கிறார். உலகமெங்கும் நடைமுறை இதுவே. புக்கிங்.காம் நடத்தும் 'ஜீனியஸ்' திட்டத்திலும் உறுப்பினருக்குக் குறைந்தது பத்து சதவீதத் தள்ளுபடி, அதை ஏற்பது விடுதி. சேருவதும் விடுதியின் விருப்பம். சட்டப்படி இதில் யாரும் பொய் சொல்லவில்லை. ஆனால் தங்க வந்த பிள்ளைகள் யாருடைய சோற்றுக்கு யாருக்கு நன்றி சொல்கிறோம் என்று அறியாமலே போனார்கள். ரசீதில் ஒரே ஒரு வரி, 'இந்தத் தள்ளுபடியை உங்களுக்குக் கொடுப்பவர் வீட்டுக்காரர்' என்று இருந்தால் போதும். அந்த வரியை எழுத என்ன செலவு?

நம் நாட்டில் இந்தப் பக்கத்தைக் கொஞ்சமாவது வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தது இந்தியப் போட்டி ஆணையம். ஹோட்டல், உணவகச் சங்கங்களின் கூட்டமைப்பு கொண்டுபோன வழக்கில் 2022 அக்டோபர் 19ஆம் தேதி மேக்மைட்ரிப்–கோஐபிபோவுக்கு 223.48 கோடி ரூபாயும், ஓயோவுக்கு 168.88 கோடி ரூபாயும் அபராதம் விதித்தது. எங்கள் தளத்தில் உள்ள விலைக்குக் கீழே வேறெங்கும், உங்கள் சொந்த இணையதளத்தில்கூட, கொடுக்கக் கூடாது என்று விடுதிகளைக் கட்டிப்போட்டது அதில் முக்கியமான குற்றச்சாட்டு. தன் வீட்டு வாசலில் வந்து நிற்கிறவருக்குத் தன் அறையைக் குறைத்துக் கொடுக்கும் உரிமைகூட இல்லாமல் போவது எவ்வளவு பெரிய அநியாயம் என்பது அக்காவின் நோட்டைப் பார்த்த பிறகுதான் எனக்கு உறைத்தது. கிரெடிட் கார்டுப் புள்ளிக்கும் இதே கணக்குத்தான். கடைக்காரர் வங்கிக்குக் கட்டும் கட்டணத்திலிருந்துதான் அது வருகிறது. அந்தக் கட்டணம் கடைசியில் சாமான் விலையில் ஏறும். ரொக்கம் கொடுப்பவரும் அதே விலைதான் கொடுக்கிறார், அவருக்குப் புள்ளி இல்லை.

நம் பக்கத்து நாணயத்தையும் பேசாமல் விட்டால் இந்தக் கட்டுரை நேர்மையானதாக இருக்காது. கஞ்சிக்கோட்டில் உள்ள ஒரு தொழிற்சாலை தன் வியாபாரிகள் கூட்டத்தை மூணாறில் நடத்தியது. அந்த பில்கள் என் மேஜைக்கு வந்தன. அதே வசதியுள்ள வேறு இரண்டு விடுதிகள் குறைந்த விலை கொடுத்திருந்தும், கூட்டம் ஏற்பாடு செய்தவர் கூடுதல் விலையுள்ள சங்கிலி ஹோட்டலைத் தேர்ந்திருந்தார். பில்லின் மூலையில் அவருடைய உறுப்பினர் எண். கூட்டம் ஏற்பாடு செய்கிறவருக்கே தனியாகப் புள்ளி தரும் வழக்கம் பெரிய ஹோட்டல் சங்கிலிகளில் உண்டு. அவர் சட்டை மடிப்பு கலையாத கண்ணியமான மனிதர். ஒரு ரூபாய் லஞ்சம் வாங்கமாட்டார். புள்ளியை அவர் காசாகவே நினைக்கவில்லை. கமிஷன் என்று கவரில் கொடுத்திருந்தால் கையைச் சுட்டதுபோல் விட்டிருப்பார்.

மத்திய அரசு ஊழியர்களுக்கு விதி தெளிவாக இருக்கிறது: அலுவல் பயணத்தில் சேர்ந்த மைல் அலுவல் பயணத்துக்கே. ஜெர்மனியில் 2002இல் இந்தப் பிரச்சினை பெரிதாக வெடித்தது. நாடாளுமன்றப் பயணங்களில் சேர்ந்த லுஃப்தான்சா மைல்களை எம்.பி.க்கள் சிலர் சொந்தப் பயணத்துக்குச் செலவழித்தார்கள் என்று தெரியவந்ததும், அவர்களில் ஒருவரான கிரெகோர் கீசி பெர்லின் அரசில் வகித்த அமைச்சர் பதவியை விட்டு விலகினார். தொகையைப் பார்த்தால் பெரிதல்ல. ஆனால் பொதுப்பணத்தில் விளைந்தது பொதுவுக்கே என்ற நியாயம் அங்கே நின்றது. தனியார் நிறுவனங்கள் பெரும்பாலும் இதைக் கண்டுகொள்வதில்லை. அலைந்து திரிகிற ஊழியருக்கு ஒரு சலுகையாக இருக்கட்டும் என்று விட்டுவிடுகிறார்கள். அப்படி மனமார விட்டால் சரி. எழுத்தில் வைத்துவிட்டால் இன்னும் சரி. புள்ளிக்காகவே விலை கூடியதைத் தேர்வது மட்டும் எந்தப் பெயர் வைத்தாலும் முதலாளி காசில் கைவைப்பதுதான்.

இங்கே சட்டம் இல்லாமல் இல்லை. 2019இன் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், நடைமுறைக்கு வந்தது 2020 ஜூலையில், 'நியாயமற்ற ஒப்பந்தம்' என்ற ஒன்றை முதல்முறையாக வரையறுத்தது. தகுந்த காரணமின்றி ஒரு தரப்பே ஒப்பந்தத்தை முறித்துக்கொள்ளும் உரிமை, நுகர்வோர் சம்மதமில்லாமல் அவருக்குக் கேடாக ஒப்பந்தத்தை இன்னொருவருக்குக் கைமாற்றும் உரிமை, நியாயமற்ற சுமை ஏற்றும் நிபந்தனை ஆகியவை அதில் அடங்கும். அப்படிப்பட்ட நிபந்தனையைச் செல்லாது என்று அறிவிக்க மாநில ஆணையத்துக்கு அதிகாரம் உண்டு. புள்ளித் திட்டங்களின் பொடி எழுத்தை அந்த வரையறைக்குப் பக்கத்தில் வைத்துப் படித்தால், வாதாட இடம் இருக்கிறது என்றே தோன்றுகிறது.

சிக்கல் எங்கே என்றால், நியாயமற்ற ஒப்பந்தம் பற்றிய புகாரை மாவட்ட ஆணையம் விசாரிக்க முடியாது. மாநில ஆணையத்துக்குத்தான் போகவேண்டும். தொகை பெரிதானால் தேசிய ஆணையத்துக்கு. இணையத்தில் மனுப் போடலாம், காணொளியில் ஆஜராகலாம் என்று வந்திருப்பது நல்லது. இருந்தாலும் எட்டாயிரம் ரூபாய் பெறுமானமுள்ள புள்ளிக்காக மாநில ஆணையத்தில் வக்கீல் வைத்து ஒரு பன்னாட்டு நிறுவனத்தோடு மல்லுக்கட்ட யார் துணிவார்? வீட்டில் எண்ணிப் பார்த்துவிட்டு, தொலையட்டும் என்று விட்டுவிடுவார்கள். பல லட்சம் பேர் இப்படி விட்டுவிடுவதுதான் அந்த நிபந்தனைகளுக்கு இருக்கும் ஒரே பலம்.

இரண்டு மாற்றம் போதும் என்பது என் எண்ணம். நூற்றுக்கணக்கானவர்களைச் சேர்த்துப் பாதிக்கும் காரியத்தைத் தானாகவே எடுத்து விசாரிக்க 2020இல் அமைக்கப்பட்ட மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையத்துக்கு அதிகாரம் இருக்கிறது. சேர்ந்துவிட்ட புள்ளியின் மதிப்பைக் குறைப்பதானால் இத்தனை மாதம் முன்னறிவிப்பு, அதுவரை பழைய விலை என்று அது ஒரு வழிகாட்டு நெறி வகுக்கட்டும். நியாயமற்ற ஒப்பந்தம் பற்றிய சிறு தொகைப் புகார்களை மாவட்ட ஆணையங்களே விசாரிக்கும்படி சட்டத்தைத் திருத்தட்டும். அப்படித் திருத்தினால் கொழிஞ்சாம்பாறையில் இருப்பவர் காலைப் பேருந்தில் பாலக்காடு போய், கையில் இருக்கும் பழைய பட்டியலையும் புதிய பட்டியலையும் வைத்துக் கேட்டுவிட்டு, மதியச் சாப்பாட்டுக்கு வீடு திரும்பிவிடலாம்.